பதினேழாம் கேட்டுக்கு நடந்து வந்த சுமைதாங்கி

பதினேழாம் நம்பர் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்குள் நூறு வருஷமாக அசையாமல் நின்ற சுமைதாங்கிக் கல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடக்க ஆரம்பித்தது. அதே காலையில்தான், பத்து மணி வண்டி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில்தான், கேட்காரன் தொம்மையின் மனைவி பிரகாசியின் வயிற்றுக்குள் குழந்தை முதன்முதலாகப் புரண்டது. இரண்டில் எது முந்தி என்று பிற்பாடு ஈச்சனோடை ஊரே அவளைக் கேட்டது. வாசலில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே ஒரு மீன் திரும்பிப் படுத்தது போல இருந்தது, எனக்கு அவ்வளவுதான் தெரியும் என்றாள் அவள்.

தண்டவாளம் வருவதற்கு முன்னால் அந்தக் காட்டுக்குள் ஒரு பெரும்பாதை இருந்தது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் சுமந்து மேற்கே போனவர்களும், மேற்கேயிருந்து மிளகாயும் கருப்பட்டியும் சுமந்து கிழக்கே வந்தவர்களும், பொதிமாடுகளை முன்னால் விட்டுப் பின்னால் பாடிக்கொண்டு போனவர்களும், மூச்சிரைக்கப் பல்லக்குத் தூக்கினவர்களும், ராப்பகலாய் மாட்டுவண்டியைக் கடகடவென்று ஓட்டினவர்களும் அந்தப் பாதையில்தான் போனார்கள். தலைச்சுமையோடு நடக்கிறவருக்கு நடப்பது கஷ்டமில்லை, இறக்குவதுதான் கஷ்டம். இறக்க ஓர் ஆள் வேண்டும், மறுபடி ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும், ஆளில்லாத காட்டில் அதற்கு எங்கே போவது. அதற்காகத்தான் அந்தக் கல்: இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல், ஆளின் தோளுயரம். வந்து நின்று கழுத்தைச் சாய்த்தால் சுமை தானாகக் கல்லில் உட்கார்ந்துவிடும். மூச்சு வாங்கிவிட்டுத் தலையைக் கொடுத்தால் தானாக ஏறிக்கொள்ளும். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பெயரால்தான் அப்படியொரு கல்லை நடுவார்கள். அவளால் இறக்க முடியாமல் போன சுமையை வழியில் போகிறவர்கள் எல்லோருமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கி வைக்கட்டும் என்று.

இந்தக் கல்லுக்குரியவள் யார் என்று சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. மாட்டுவண்டியில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோகும்போது அச்சு முறிந்து, அடுத்த வண்டி வருவதற்குள் போய்விட்டாளாம் என்று மட்டும் ஒரு பேச்சு இருந்தது. பிறகு ரயில் வந்தது. உப்பு வேகனில் போயிற்று, மிளகாய் வேகனில் போயிற்று, மனிதர்கள் பெட்டியில் உட்கார்ந்து போனார்கள், பாதையில் கருவேலம் முளைத்தது, கல்லின் மேல் காற்று வாரிக்கொண்டு வந்த புழுதி படிந்து படிந்து அது இடுப்பளவுக்குப் புதைந்துபோயிற்று.

ஆனாலும் ஒரே ஒருத்தி அதில் சுமை இறக்கிக்கொண்டிருந்தாள். கருவாட்டுக்காரி பேச்சி. ஈச்சனோடையிலிருந்து காட்டைக் குறுக்கே வெட்டிக் கேட்டைத் தாண்டி வடக்கே யாவாரத்துக்குப் போகிறவள், குனிந்தாவது கூடையை அந்தக் கல்லில் வைத்து வெற்றிலை போட்டுவிட்டுத்தான் போவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கூடையைக் கல்மேல் வைத்தாள், வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பி வண்டியைப் பார்த்தாள், கடைசிப் பெட்டி போனதும் இந்தப் பக்கம் திரும்பினாள். கல்லையும் காணோம், கூடையையும் காணோம். ஏழு முழம் தள்ளி, கூடையைச் சுமந்தபடி கல் நின்றுகொண்டிருந்தது.

“திருட்டுக் கல்லுன்னு நான் சொல்லமாட்டேன் தொம்மை தம்பி,” என்று கேட் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து சொன்னாள். “நான் போற திசைக்குத்தான் கொண்டுபோய் வச்சிருக்கு. ஏழு முழம் எனக்கு மிச்சம்.”

மறுநாளும் பத்து மணி வண்டி போனதும் ஏழு முழம். அதற்கு மறுநாளும் ஏழு முழம். தண்ணீருக்குள் இடுப்பளவு நிற்கிறவர் கரையைப் பார்த்து நடப்பது போல, முன்னால் மண் விலக, பின்னால் மண் மூட, கல் வந்துகொண்டிருந்தது. அது நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று ஊர் இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆனால் வண்டி வரும்போது வண்டியைப் பார்க்காமல் இருக்க ஈச்சனோடையில் பிறந்த யாராலும் முடியாது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட கிழவர் முதல் மடியில் கிடக்கிற குழந்தை வரை தலை தானாகத் திரும்பிவிடும். திரும்பிய அந்த நேரத்தில் கல் தன் ஏழு முழத்தை நடந்து முடித்திருக்கும். டவுனிலிருந்து திரும்பி வருகிற சாயங்கால வண்டியையும் ஊர் இதே போலத்தான் பார்த்தது, ஆனால் அந்த வண்டிக்குக் கல் ஒரு விரற்கடை கூட நகரவில்லை.

முதல் வாரம் ஊர் முழுக்கக் கல்லைப் போய்ப் பார்த்தது. இரண்டாம் வாரம் பாதி ஊர் போயிற்று. மூன்றாம் வாரத்தில் மழை வருமா என்று கேட்கிற மாதிரி, “கல்லு எங்க வந்திருக்கு?” என்று கேட்டுக்கொண்டார்கள். இருளப்பன் தன் கம்புக் கொல்லையின் நடுவே, கல் வரும் நேருக்கு, ஒரு பாத்தியை மட்டும் முன்கூட்டியே அறுத்து வழிவிட்டார். பூசாரி மஞ்சள் தடவினார். உபதேசியார், எதற்கும் இருக்கட்டும் என்று, கொஞ்சம் தீர்த்தம் தெளித்தார். இரண்டையும் கல் மறுக்கவில்லை. கல்லு புளியமரத்துக்கிட்ட நின்னப்ப வாங்கின ஆடு, கல்லு ஓடையைத் தாண்டின அன்னைக்குப் பேசின சம்பந்தம் என்று நாள் கணக்கே மாறிப்போயிற்று. அதிசயம் வழக்கமாகிவிட்ட பிறகு ஊருக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது, அது எங்கே போகிறது என்கிற கேள்வி. புளியமரத்தையும் ஓடையையும் கொல்லையையும் சேர்த்து ஒரு கயிற்றை நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். கயிறு கேட் வீட்டு வாசலில் போய் நின்றது.

அன்றிலிருந்து பெண்கள் பிரகாசியைப் பார்க்க வரும்போது சத்தமில்லாமல் வந்தார்கள். ஒருத்தி வேப்பிலைக் கொத்தை நிலையில் செருகினாள். இன்னொருத்தி துருப்பிடித்த அரிவாளைத் தலையணைக்கடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். “புள்ளத்தாச்சியா செத்தவ, புள்ளத்தாச்சியத் தேடித்தான் வருவா,” என்று கிணற்றடியில் யாரோ சொன்னது பிரகாசியின் காதில் விழுந்தது.

அவள் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பேயில்லை என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் பேயில்லை என்றுதான் எழுதி மார்க் வாங்கியிருந்தாள். ஆனால் பயம் படித்ததைக் கேட்டு வருவதில்லை. இதற்கு முன் ஒரு பிள்ளை அவளுக்கு இருந்தது. வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் பத்தடிதான், வண்டி தினமும் அவள் காயப்போட்ட சேலையை ஆட்டிவிட்டுத்தான் போகும், ஆனால் நிற்காது. ஏற வேண்டுமென்றால் ஆறு மைல் மாட்டுவண்டியில் போய் ஸ்டேஷனில் ஏற வேண்டும். போன தடவை வலி வந்தபோது அந்த ஆறு மைலில் ஓடைத் தண்ணீர் வந்துவிட்டது, வண்டி சுற்றிப் போயிற்று, ஒன்பது மணி நேரம் அவள் வைக்கோல் மேல் கிடந்தாள், பிள்ளை ஸ்டேஷனைப் பார்க்கவில்லை. அதிலிருந்து அவளுடைய கைகள் சும்மா இருந்ததேயில்லை. உலை வைக்கும்போதும் ஒரு கை வயிற்றில் இருக்கும், ஜெபமாலை உருட்டும்போதும் ஒரு கை வயிற்றில் இருக்கும். குழந்தை அசைந்தால் ஏன் இப்படி அசைகிறது என்று பயம். அசையாவிட்டால் ஏன் அசையவில்லை என்று பயம்.

கல் இருளப்பன் கொல்லைக்கு வந்தபோது பேச்சி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். “பயந்துக்கிட்டே கிடக்கிறதுக்கு நேராப் போயி மூஞ்சியப் பார்த்துரு தாயி. நான் தெனம் கூடை எறக்குற கல்லு, என்னையக் கடிக்கவா செஞ்சது?”

நடக்க நடக்கக் கல் மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் உயர்ந்துகொண்டிருந்தது. இடது தூணில், இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த இடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எழுத்துகள் வெளியே வந்திருந்தன. பேச்சிக்குப் படிக்கத் தெரியாது. “என்னமோ எழுதியிருக்கே, என்னன்னு வாசி,” என்றாள்.

பிரகாசி வாசித்தாள். இ. ற.

*இற.*

ஏவல் ஒருமை. போ, வா, உண், இற. இலக்கண வகுப்பில் பெஞ்சின் மேல் நிறுத்தி ஒப்பிக்கவைத்த அதே வரிசையில் அந்தச் சொல் வந்து நின்றது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, அதன் பிறகு தெற்குப் பக்க ஜன்னலைத் திறக்கவேயில்லை.

“எழுத்துன்னா பேர் இருக்கும், தேதி இருக்கும்,” என்று தொம்மை சமாதானம் சொன்னான். “யாராவது வேலை மெனக்கெட்டுச் சாவுன்னு கல்லில் செதுக்குவாங்களா?”

“செதுக்கியிருக்கே. நான் வாசிச்சேனே.”

“நீ வாசிக்காம இருந்திருக்கலாம்.”

“வாசிக்கத் தெரிஞ்சவ எப்படிங்க வாசிக்காம இருக்கிறது?”

ஒரு மாதம் கழித்து மூன்றாவது எழுத்து வெளியே வந்தது. அது ‘க’. ஓய்வுபெற்ற வாத்தியார் சிதம்பரநாதன் குடையை ஊன்றிக்கொண்டு வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “இறகு,” என்று தீர்ப்புச் சொன்னார். “கடைசிக் கொம்பு தேய்ந்துபோயிருக்கிறது. இறகு என்றால் சிறகு. கல் வெகு சீக்கிரத்தில் பறக்கப் போகிறது.” ஊர் சிரித்தது. இருளப்பன், பறக்கிறதென்றால் என் கம்பை அறுத்திருக்க வேண்டாமே என்றார். வாத்தியார் போகும்போது மட்டும் குரலை இறக்கித் தொம்மையிடம், “அந்தக் காலத்தில் கல்லில் புள்ளி வைக்கமாட்டான். ‘க்’ என்றும் வாசிக்கலாம். இதை உன் சம்சாரத்திடம் சொல்லாதே,” என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லத் தேவையிருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் அதை ஏற்கெனவே புள்ளி வைத்து வாசித்துவிட்டிருந்தாள்: இறக்… அதற்கப்புறம் எதைச் சேர்த்தாலும் சாவுதான் வந்தது.

ரயில்வேக்குத் தகவல் எட்டி லைன் இன்ஸ்பெக்டர் வரதாச்சாரி டிராலியில் வந்து இறங்கினார். அவர் கல் நடப்பதை நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. அது தண்டவாளத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்பது மட்டும்தான் அவருக்குக் கணக்கு. “யாருடைய கல்?” என்று கேட்டார்.

“யாரோடதும் இல்ல சாமி. பாரம் உள்ளவங்களோடது,” என்றாள் பேச்சி.

எட்டு கேங்மேன்கள் கம்பு கொடுத்து, கயிறு கட்டி, வியர்க்க வியர்க்கக் கல்லைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய குழியிலேயே நட்டார்கள். மறுநாள் பத்து மணி வண்டி போயிற்று. எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். திரும்பியபோது, அப்படியொரு தூக்கல் நடக்கவே இல்லாதது போல, முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து சரியாக ஏழு முழம் தள்ளிக் கல் நின்றது. கேங்மேன்களில் ஒருவன், “ஐயா, நமக்குத்தான் முதுகு போச்சு,” என்றான்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கேட் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, ஓர் உத்தரவு எழுதினார். பிரகாசி அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தபோது, தலைகீழாகவே அதை வாசித்துவிட்டாள். *மேற்படி கல் தண்டவாளத்திலிருந்து ஆறு அடிக்குள் வரும் தருணம் முதல், அது அகற்றப்படும் வரை, இவ்வழியே வரும் ஒவ்வொரு வண்டியையும் கேட்காரர் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, பாதை சரியாக உள்ளதைப் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.*

“ஆறு அடிக்கு ஓர் அங்குலம் அந்தப் பக்கம் இருந்தால்கூட நிறுத்தக் கூடாது,” என்று தொம்மையைப் பார்த்துச் சொன்னார். “காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினால் வேலையும் போகும், இந்த வீடும் போகும். தெரியுமில்லையா?”

“தெரியுங்க ஐயா.”

இன்ஸ்பெக்டர் மோரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். பிரகாசியின் வயிற்றைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். “எப்போது?” என்றார்.

“பத்தொன்பதாம் தேதிங்க ஐயா. மடத்து ஆஸ்பத்திரியில பெரிய சிஸ்டர், புள்ள தலை மேல இருக்கு, வலி வர்றதுக்குப் பத்து நாள் முந்தியே வந்து படுத்துக்கோன்னு சொல்லியிருக்காங்க. இவங்களுக்கு மாத்து ஆள் வரணும்,” என்றாள் பிரகாசி.

“அனுப்பச் சொல்கிறேன்,” என்றார் அவர். மாற்று ஆள் வரும் சனிக்கிழமை வருவதாகத் தந்தி வந்தது.

வலி புதன்கிழமை விடிந்ததும் வந்துவிட்டது.

இருளப்பன் மாட்டைப் பூட்டக் கிளம்பினார். முந்தின நாள் மழையில் ஓடை இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. போன தடவை மாதிரியே சுற்று வழி, போன தடவை மாதிரியே வைக்கோல். பிரகாசி வண்டியைப் பார்த்ததும், “அதில ஏத்தாதீங்க,” என்று கத்தினாள். பேச்சி கருவாட்டுக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கேலியெல்லாம் வடிந்துபோயிற்று. “காலு தட்டுப்படுது தம்பி. இது என் கையில முடியாது. டவுனுக்குப் போயாகணும்.”

கட்டிலோடு தூக்கி அவளை வெளியே, தண்டவாளத்தோரம் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரே வந்துவிட்டது. தெற்கே, சரளைக்கல் மேட்டின் அடியில் கல் நின்றுகொண்டிருந்தது. தொம்மை உத்தரவை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அளந்தான். பதினாலரை அடி. மறுபடி அளந்தான். பதினாலரை அடி.

“நிறுத்துவே. வேலை போனாப் போகட்டும்,” என்றார் இருளப்பன்.

“நிறுத்தினாலும் ஏறணுமே,” என்றாள் பேச்சி. “பிளாட்பாரமா இருக்கு? தோளுயரத்துக்கு நிக்கிற பெட்டியில இந்த வயித்தோட இவள எப்படி ஏத்துவ? மடக்கித் தூக்கினா அங்கனயே…”

தொம்மையின் இடுப்பில் பச்சைக் கொடியும் இருந்தது, சிவப்புக் கொடியும் இருந்தது. கிழக்கே புகை தெரிந்தது. தண்டவாளம் பாட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் பிரகாசியை ஒரு வலி பிடித்தது. அவள் போட்ட அலறலில், வண்டியைப் பார்க்காமல் ஒருநாளும் இருந்தறியாத ஈச்சனோடை ஊர், கிழவர் முதல் மடிக்குழந்தை வரை, வண்டிக்கு முதுகைக் காட்டி அவளைத் திரும்பிப் பார்த்தது. வண்டியை யாரும் பார்க்கவில்லை. கல்லையும் யாரும் பார்க்கவில்லை.

பிரகாசி மட்டும் பார்த்தாள். வலியில் அவள் தலை தெற்குப் பக்கம் சாய்ந்திருந்தது.

கல் நடந்து வந்தது. கால்களை அகட்டி வைத்து, ஒரு தூணை ஊன்றி, சற்று நின்று, மறு தூணை எடுத்து வைத்து, பின்பக்கமாய் லேசாகச் சாய்ந்து, சரளை மேட்டில் சறுக்கி, மறுபடி ஊன்றி, நிறைமாசக்காரி மேடு ஏறுவது போலவே ஏறியது. ஒன்பது மாதமும் கிணற்றடியிலிருந்து தவலையோடு இதே மேட்டை இதே நடையில்தான் அவளும் ஏறியிருந்தாள். அந்த நடையை வேறு யார் பார்த்திருந்தாலும் பயந்திருப்பார்கள். அவளுக்கு மட்டும், ஐயோ, உட்காரச் சொல்லுங்களேன், எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. இப்படி நடக்கிறவள் ஒருத்தியைக் கொண்டுபோக வந்தவளாக இருக்க முடியாது.

மேடேறி நின்றபோது தூண்கள் பாதம் வரை மண்ணைவிட்டு வெளியே வந்திருந்தன. கல் தன் முழு உயரத்துக்கு நின்றது. எழுத்துகளும் முழுசாக நின்றன. வலி இறங்கிய இடைவெளியில் அவள் மேலிருந்து கீழாக வாசித்தாள். இ. ற. க. கி. வை. இல்லாத புள்ளியை அவளே வைத்து மறுபடி வாசித்தாள்.

“ஏங்க,” என்றாள். “அது சாவில்லங்க. *இறக்கிவை*ன்னு எழுதியிருக்கு.”

தொம்மை அப்போதுதான் திரும்பினான். தண்டவாளத்திலிருந்து நாலு அடியில் கல் நின்றுகொண்டிருந்தது. அளக்க நேரமில்லை, அளக்க வேண்டியதும் இல்லை. சிவப்புக் கொடியை உருவிக்கொண்டு, உத்தரவை வாயில் கவ்விக்கொண்டு, தண்டவாளத்தின் நடுவே கிழக்கு நோக்கி ஓடினான்.

வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. நடுப் பெட்டியின் கதவு கல்லுக்கு நேராக வந்து நின்றது. பெட்டியின் தரையும் கல்லின் மேல்பலகையும் ஒரே மட்டம், இடையில் நாலு விரற்கடை. கார்டு இறங்கி ஓடிவந்து, “எவன்யா நிறுத்தினது? எதுக்குய்யா?” என்று கத்தினார். தொம்மை வாயிலிருந்து உத்தரவை எடுத்துக் கொடுத்தான். அவர் ஈரமான காகிதத்தை வாசித்தார், கல்லைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். “பாதை சரியாக உள்ளதைப் பார்த்த பின்னரே,” என்று மறுபடி ஒருமுறை உரக்க வாசித்துவிட்டு, “நல்லாப் பார்க்கணும். நிதானமாப் பார்ப்பேன். அதுக்குள்ள ஏத்துங்க,” என்று சொல்லி, சக்கரத்தடியில் குனிந்துகொண்டார்.

“மடக்காதீங்கடா! படுத்த வாக்கிலயே தூக்குங்க!” என்றாள் பேச்சி. “உப்பு மூட்டையில்லடா இருளப்பா, இது உசுரு!” கட்டிலோடு தூக்கி, தோளுயரக் கல்லில் அவளைக் கிடத்தினார்கள். அந்தக் காலத்து உப்பும் மிளகாயும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கல், காலை வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் பிரகாசி அங்கே படுத்திருந்தாள். இரண்டு கைகளும் அவள் அறியாமலே வயிற்றைவிட்டுப் பக்கவாட்டில் கல்லைப் பிடித்திருந்தன. அதற்குள் பெட்டியிலிருந்த பெண்கள் தங்கள் முந்தானைகளை விரித்து நீட்டி, சோறு பரிமாறிய வாழையிலையை நகர்த்துவது போல, அலுங்காமல் அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பேச்சி கல்லில் தொற்றி ஏறிப் பின்னாலேயே போனாள். கேட்டைவிட்டு நகர முடியாத தொம்மை பச்சைக் கொடியை ஆட்டினான். டிரைவர் வண்டியை எடுத்தார்.

பதினாலு மைலை அந்த வண்டி அன்று எவ்வளவு நேரத்தில் கடந்தது என்று ஸ்டேஷன் புத்தகத்தில் எழுதவில்லை. மடத்து ஆஸ்பத்திரியில் பெரிய சிஸ்டர் கையைக் கழுவிக்கொண்டே, “இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால்…” என்று ஆரம்பித்து, முடிக்காமல், வேலையைப் பார்த்தார்கள். பெண் குழந்தை. கால் முந்தி வந்தது. “நடந்துக்கிட்டேதான் வந்திருக்கா,” என்றாள் பேச்சி.

கல் அதன் பிறகு நகரவில்லை. அகற்றச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. முன்னே எட்டுப் பேர் தூக்கிய கல்லை இருபது பேர் அசைக்கப் பார்த்தும் அது அசையவில்லை. அகற்றப்படும் வரை ஒவ்வொரு வண்டியையும் நிறுத்த வேண்டும் என்ற வரதாச்சாரியின் உத்தரவை ரத்துசெய்ய வேண்டுமானால் கல் அகன்றுவிட்டது என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. ஆகவே போகிற வண்டியும் வருகிற வண்டியும் தினமும் பதினேழாம் கேட்டில் ஒரு நிமிஷம் நின்றன. நிற்கிற வண்டியில் ஏறாமல் இருக்க முடியுமா? முதலில் பிள்ளைத்தாய்ச்சிகள் ஏறினார்கள், பிறகு காய்ச்சல்காரர்கள், பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிறகு கருவாட்டுக் கூடையோடு பேச்சி. வண்டி ஏன் அங்கே நிற்கிறது என்று மேலிடம் கேட்டு எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் இன்ஸ்பெக்டர் ஒரே சொல்லில் பதில் எழுதினார்: கல்.

நாற்பத்தோராம் நாள் சாயங்கால வண்டியில் பிரகாசி திரும்பி வந்தாள். பயம் பிள்ளைப்பேற்றோடு போய்விடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். போகவில்லை, வயிற்றிலிருந்து கைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். நாற்பது நாளும் குழந்தையைத் தொட்டிலில் போடவில்லை. தூங்கும்போது மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறதென்று தெரிந்ததும், அடுத்த மூச்சு வருமா என்று பார்ப்பாள். “கொஞ்சம் கீழே போடேன்ம்மா, கை ஒடிந்துவிடும்,” என்று சிஸ்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

வண்டி நின்றது. கதவுக்கு நேராகக் கல். பக்கத்தில் தொம்மை, கையில் சிவப்புக் கொடியைப் பிடித்தபடி. ஒழுங்குப்படி வண்டி நிற்கிற நேரம் முழுக்கக் கொடியைக் கீழே போடக் கூடாது, அதனால் அவனால் கையை நீட்ட முடியவில்லை. அவளுக்குப் பின்னால் துணிமூட்டை, முன்னால் நாலு விரற்கடை இடைவெளி. குழந்தையை வைத்துக்கொண்டு கல்லில் கால் வைக்க முடியாது, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்தால்தான் முடியும்.

“ஏ புள்ள, வண்டி எடுக்கப் போறான்!” என்றாள் பின்னாலிருந்து பேச்சி. “சொமையக் கல்லுல வச்சிட்டு இறங்கு. எல்லாரும் அப்படித்தான் இறங்குறோம். நீதான வாசிச்சுச் சொன்ன?”

பிரகாசி குனிந்தாள். இளஞ்சூடான கல்லில் குழந்தையைக் கிடத்தினாள். ஒரு கையை எடுத்தாள். குழந்தை கண்ணைத் திறந்து, கூரையில்லாத வானத்தை முதன்முதலாகப் பார்த்தது.

இன்னொரு கையையும் எடுத்தாள்.